வெள்ளையை எந்தப் பக்கம் திருப்புவது

கூழாவடி ஆற்றங்கரையில் நான் நட்டுவிட்டுப் போன கட்டைகளைக் கண்டு, அடுத்த நாள் காலை ஊரே வீதிக்கு வந்துவிட்டது.

பஸ்ஸால் இறங்கியதும் அப்புத்துரை அண்ணையின் கடை வாசலில் கூட்டத்தைக் கண்டேன். செத்தவீடோ என்றுதான் முதலில் நினைத்தேன். பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளைகள் புத்தகப் பையுடன் மரத்தடியில் குந்தியிருந்தார்கள். ஆற்றுக்கு இறங்குகிற ஒற்றையடிப் பாதையின் வாயை யாரோ முட்கொப்புகளை வெட்டிப் போட்டு மறித்திருந்தார்கள்.

“பிள்ளை, அங்கால போகாதேங்கோ,” என்று அப்புத்துரை அண்ணை கையை விரித்து என்னையும் மறித்தார். “ராஜினியின்ர காணிக்குள்ள வெடி கண்டுபிடிச்சிருக்கினமாம். நேற்றுப் பின்னேரம் வந்து சிவப்புக் கட்டை அடிச்சுப்போட்டுப் போயிருக்கிறாங்கள்.”

“ஆர் அண்ணை அடிச்சது?”

“ஆமியோ, வெடி எடுக்கிற கொம்பனிக்காரரோ. ஒருத்தரும் காணேல்ல. ராஜினியும் மகளும் கிளினிக்குக்குப் போயிட்டினம். வந்து பாத்தா, கரை முழுக்கக் கட்டை.”

என் தோளில் தொங்கிய பையில் மிச்சக் கட்டைகள் இருந்தன. பல்கலைக்கழகத்து ஆய்வுகூடத்தில் இருந்து கட்டாகத் தந்தவை. புல்லுக்குள் மறைந்துவிடாமல் இருக்க நாலு பக்கமும் சிவப்பு பூசியிருந்தது. பையின் வாயை நான் இழுத்து மூடினேன். இந்த ஊர்க்காரர்களைப்போல நானும் வன்னியில், துணுக்காயில், வளர்ந்தவள்தான். சிவப்புக் கட்டையைக் கண்டால் காலைப் பின்னுக்கு எடுக்கவேண்டும் என்று, எழுத்துக் கூட்டத் தெரியமுன்னமே எனக்குத் தெரியும். ஆனால் நேற்று அவற்றை நடும்போது என் தலைக்குள் இருந்தது துணுக்காய் அல்ல. ஆய்வுகூடத்துக் கையேடு.

ராஜினி அக்கா மதகில் தனியாக இருந்தார். கிளினிக்குக்கு உடுத்த சீலையோடுதான் இன்னும் இருந்தார். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, வீட்டுக்குப் போகாமல், விடியும்வரை அங்கேயே இருந்திருக்கிறார்.

“அக்கா,” என்றேன். “அது வெடி இல்லை. கட்டை நட்டது நான்தான்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பையை வாங்கினார். ஒரு கட்டையை எடுத்து மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வெள்ளை எங்க?”

“என்ன வெள்ளை?”

“எங்கட கட்டையில ஒரு பக்கம் சிவப்பு, மற்றப் பக்கம் வெள்ளை. வெள்ளை பாத்த பக்கம் ஆள் நிக்கலாம். சிவப்பு பாத்த பக்கம் கால் வைக்கக்கூடாது. இதில சுத்திவரச் சிவப்பு. எந்தப் பக்கம் கால் வைக்கிறதெண்டு தெரியாமல் இதிலயே இருந்திட்டன், தங்கச்சி.”

ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஏசவில்லை. கட்டையை மடியில் வைத்துக்கொண்டு, “ராவு முழுக்க ஒண்டைத்தான் யோசிச்சனான்,” என்றார். “அந்தக் கரை நான் கிளியர் பண்ணின கரை. நான் ஒண்டை விட்டிட்டனோ எண்டு.”

ராஜினி அக்காவைப் பற்றி எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த இடத்தில்தான். எழுத எனக்கு என்ன உரிமை என்ற கேள்வியும் அதே இடத்தில்தான் வந்தது.

அவருடைய தாயும் தகப்பனும் எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு மலையகத் தோட்டமொன்றில் இருந்து வன்னிக்கு வந்தவர்கள். ஆட்களின் வயலில் காவல் இருந்தும் கூலிக்குக் களை பிடுங்கியும் பிள்ளைகளை வளர்த்தார்கள். ராஜினி அக்கா வன்னியில் பிறந்தவர். அவருடைய பேச்சில் மலைநாட்டுச் சாயலே இல்லை. ஆனால் மிகவும் பயந்துபோனால் மட்டும் அவர் வாயில் ‘ஓம்’ வராது, தாயின் ‘ஆமா’ வரும். இதை அவருடைய மகள் பிரஷாந்தினிதான் எனக்குச் சொன்னாள், சிரித்துக்கொண்டு.

கணவர் வீரையா கடைசிச் சண்டையில் ஷெல் விழுந்து போய்விட்டார். பிரஷாந்தினிக்கு அப்போது பால்பல் விழுகிற வயது. முகாமில் இருந்து வெளியே வந்தபோது கூலி வேலைக்குக்கூட அழைக்க ஊரில் ஆள் இல்லை, ஊரே இல்லை. கண்ணிவெடி அகற்றப் பெண்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பெயர் கொடுத்தார்.

“பயமில்லையோ அக்கா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“பயந்தவைக்குத்தான் அந்த வேலை. பயமில்லாதவையை மூண்டாம் நாளே வீட்ட அனுப்பிப்போடுவினம்.” பிறகு சிரித்தார். “வேதக்கார ஆக்கள்கூட இவ்வளவு காலம் முழங்காலில நிண்டிருக்க மாட்டினம்.”

முகத்துக்குக் கண்ணாடி மறைப்பு, நெஞ்சுக்குப் பாரமான கவசம். நூல் கட்டி ஒடுக்கமாகப் பிரித்த ஒரு நிரை நிலம். உலோகம் தேடுகிற மெசின் சத்தம் போட்டுக் கத்தினால் முழங்காலில் இருந்து, பக்கவாட்டில் இருந்து மண்ணைச் சுரண்டவேண்டும். மேலிருந்து குத்தக்கூடாது. கத்துவது வெடியாகவும் இருக்கும், தகரமாகவும் இருக்கும், சோற்றுக் கோப்பையாகவும் இருக்கும். எல்லாவற்றையும் வெடி என்று நினைத்தே தோண்டவேண்டும். இப்படி வருடக்கணக்காக இருந்ததில் அவருடைய முழங்கால் இரண்டும் கறுத்துத் தடித்துப்போயிருந்தன. இப்போதும் அவர் களை பிடுங்குவது நிரை பிரித்துத்தான். கை படாத மண்ணில் முழங்காலை வைக்கமாட்டார்.

காணி பகிர்ந்தபோது மேட்டுக்காணி எல்லாம் பழைய உறுதிப் பத்திரம் வைத்திருந்தவர்களுக்குப் போயிற்று. “தோட்டக்காட்டுச் சனத்துக்கு ஆத்தங்கரை காணும்” என்று யாரோ சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. ஆற்றங்கரையை எடுக்க வேறு ஒருவரும் முன்வரவில்லை, வெடி கிடந்த இடம் என்று. ராஜினி அக்கா மட்டும், “அது நான் கையால தடவிப் பாத்த நிலம், எனக்குத் தாங்கோ” என்று கேட்டு வாங்கினார். மேலே சின்ன வீடு, அதற்குக் கீழே கிணறு, பிறகு மரவள்ளி, கடைசியாக ஆற்றோடு ஒட்டிய ஈரத்தில் கங்குங் கீரையும் பொன்னாங்காணியும். மாரி வெள்ளம் வடிந்ததும் கரையில் படிகிற வண்டலுக்குக் கீரை பொங்கி வரும். அப்புத்துரை அண்ணை தன் கடையில் விற்றது போக, மிச்சத்தை முல்லைத்தீவுக்கு பஸ்ஸில் ஏற்றிவிடுவார்.

நான் அந்த மண்ணுக்கு வந்தது வேறு காரணத்துக்காக. ஆறு வருகிற காட்டுப் பக்கத்தில் ஒரு கருங்கல் குவாரி இருக்கிறது. கிடங்கு ஆழமாகப் போய்விட்டது. அதற்குள் நிற்கிற தண்ணீரைப் பம்ப் வைத்து ஆற்றுக்குள் விடுகிறார்கள். அந்தக் கல்லில் மஞ்சளாக மினுங்குகிற புள்ளிகள் உண்டு. பிள்ளைகள் பொன் என்று பொறுக்கி வைத்திருப்பார்கள். அந்த மினுக்கம் காற்றும் மழையும் பட்டால் கரைந்து புளிக்கும். புளித்த தண்ணீர், கல்லுக்குள் சும்மா கிடக்கிற ஈயத்தையும் கட்மியத்தையும் அவிழ்த்துக்கொண்டு போகும். எங்கே போகிறது, எவ்வளவு போகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் ஆய்வு. நான் அதில் சம்பளத்துக்கு மண் எடுப்பவள். முதற்சுற்று மண்ணும் இலையும் ஏற்கனவே ஆய்வுகூடத்துக்குப் போய், முடிவும் வந்திருந்தது. கூடாத முடிவு வந்த இடங்களில்தான் மறுபடி எடுப்பதற்காகக் கட்டை நட்டேன். ஆய்வுக்குப் பொறுப்பான சேர் எங்களுக்குச் சொல்லியிருந்தார்: “இரண்டாம் சுற்றும் பார்த்துவிட்டுச் சொல்லலாம். அதுவரை சனத்தைப் பதறவைக்க வேண்டாம்.”

சனம் ஏற்கனவே பதறிப்போய் முள்ளு வெட்டிப் போட்டிருந்தது. சரியான இடத்தைப் பார்த்துத்தான் பயந்திருந்தார்கள். பயத்தின் பெயர் மட்டும்தான் பிழை.

கடை வாசலில் நின்று நான் விளக்கினேன். வெடி இல்லை, மண் பரிசோதனை, குவாரித் தண்ணீரால் ஈயம் வந்திருக்குமோ என்று பார்க்கிறோம் என்றேன். கூட்டம் ஒரே மூச்சாக இளகிவிட்டது.

“அட, ஈயமே!” என்றார் அப்புத்துரை அண்ணை. “ஈயத்துக்கோ இந்தக் கூத்து? நான் நாயாற்றில வலை கட்டின காலத்தில ஈயக்குண்டைப் பல்லால கடிச்சுத்தான் நூலில இறுக்கிறனாங்கள். இந்தப் பல்லைப் பாருங்கோ, ஒண்டும் கொட்டேல்ல.”

“அதுதான் அண்ணைக்கு இவ்வளவு பாரமான கதை வருது,” என்றாள் பிரஷாந்தினி. அவள் பக்கத்து வீட்டில் இருந்து வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து நின்றாள். ஏழு மாதம். “அம்மா, அப்ப நான் வீட்ட போகலாமோ? உங்கட பேரப்பிள்ளை உள்ளுக்குள்ள இருந்து உதைக்கிற உதையைப் பாத்தா, வெடி எனக்குள்ளதான் இருக்குது.”

எல்லாரும் சிரித்தார்கள். யாரோ முட்கொப்பை இழுத்து ஓரத்தில் போட்டார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள்.

ராஜினி அக்கா சிரிக்கவில்லை. என்னை மட்டும் கூப்பிட்டுக்கொண்டு கரைக்கு இறங்கினார். முதற் கட்டைக்குப் பக்கத்தில் நின்றார், கொஞ்சம் தள்ளி.

“ஆழம் எவ்வளவு?”

“மேல்மண்ணிலதான் அக்கா கூடுதல். ஒரு சாண் வரைக்கும்.”

“மெசின் வைச்சால் கத்துமோ?”

“கத்தாது. கட்டியா இல்லை. மண்ணோட மண்ணா ஒட்டிக்கொண்டிருக்கு.”

“ஒட்டிக்கொண்டிருந்தா பிறகென்ன. கிடக்கட்டுமே.”

“மண் புளிச்சால் ஒட்டாது. தண்ணியோட சேந்து வெளிக்கிடும். வேர் குடிக்கும். கீழ போகும். பிறகு மழை வந்தா இன்னொரு இடத்தில படியும்.”

அவர் ஆற்றின் மேற்பக்கம் பார்த்தார். அங்கிருந்து குவாரி தெரியாது. மருத மரங்கள்தான் தெரியும்.

“அப்ப இது நடக்கும்,” என்றார்.

“என்ன அக்கா?”

“நடக்கும் எண்டுறன். நாங்கள் எடுத்ததெல்லாம் வைச்ச இடத்திலயே கிடந்த சாமான். நாங்கள்தான் அதிட்டப் போனனாங்கள். இது தன்ர பாட்டில நடந்து வருது.”

பல்கலைக்கழகத்தில் எத்தனையோ தடவை ‘அசைவு’ என்ற சொல்லைப் பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். அதற்கு வரைபடம் கீறியிருக்கிறேன். அந்தச் சொல்லுக்கு நான் பயந்தது அன்றைக்குத்தான்.

பிறகு அவர் கேட்டார். அவர் கேட்கக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருந்த கேள்வி. “கங்குங்குக்குள்ள ஏறியிருக்கோ?”

சேரின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. என் ஒப்பந்தம் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் என்று ஒன்றை முதன்முதலாகக் கண்டது நான்தான். இரண்டாம் சுற்று வரட்டும் அக்கா என்று சொன்னால் அது பொய் அல்ல. சொல்லியிருக்கலாம். ஆனால் பிரஷாந்தினி மேலே வீட்டு வாசலில் நின்று எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

“ஓம் அக்கா. ஈயம் கொஞ்சம்தான். கட்மியம்தான் கூடுதல். அது இலைக்கு லேசா ஏறும்.”

ராஜினி அக்கா அப்படியே குந்திவிட்டார். கீரைப்பாத்திக்கு வெளியே, வரப்பில்.

“மிட்வைஃப் மிஸ் சொன்னவா, பிள்ளைக்கு ரத்தம் காணாது, ஒவ்வொரு நாளும் கீரை குடுங்கோ எண்டு. நான் விடியக்காலமை பிடுங்கி, தேசிப்புளி விட்டு, என்ர கையாலதான் தீத்தினனான். அவளுக்கு விருப்பமில்லை. ஏசி ஏசித் தீத்தினனான்.” அவர் என் கையைப் பிடித்தார். “வயித்துக்குள்ள போகுமா?”

“போகக்கூடும் அக்கா. எவ்வளவு எண்டு ரத்தம் பாத்தால்தான் தெரியும்.”

“ஆமா,” என்றார். “ஆமா, ஆமா.”

பிரஷாந்தினியின் இரத்தம் முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் எடுத்து, கொழும்புக்கு அனுப்பப்பட்டது. ஈயத்துக்கும் கட்மியத்துக்கும் அங்கேதான் பார்க்கலாம் என்றார்கள். அக்காவிடம் முடிவைச் சொல்லிவிட்டதை நான் சேருக்குச் சொன்னேன். தொலைபேசியில் அவர் எந்தெந்தப் பாத்தி என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, “சரி, அந்தக் கிணற்றுத் தண்ணீரையும் எடுத்து அனுப்பு,” என்றார். திட்டினாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ராஜினி அக்கா சும்மா இருக்கவில்லை. அடுத்த முறை நான் போனபோது கீரைப்பாத்தி முழுவதும் நூல் கட்டிப் பிரித்திருந்தார். கங்குங்கை வேரோடு பிடுங்கிக் காய விட்டிருந்தார். பழைய முழங்கால் பட்டையைக் கட்டிக்கொண்டு, ஒடுக்கமான நிரையில், ஒரு சாண் ஆழத்துக்கு மேல்மண்ணைச் சுரண்டிச் சுரண்டி உரப்பையில் நிரப்பிக்கொண்டிருந்தார். நிரப்பிய பைகள் வீதியோரத்தில் அடுக்கப்பட்டிருந்தன.

வீதியில் சைக்கிளை நிறுத்திய அப்புத்துரை அண்ணை சத்தம் வைத்தார். “ராஜினி, தங்கம் எடுத்தா எங்களுக்கும் ஒரு பவுண் தாடி!”

“தங்கமில்லை அண்ணை, நீங்கள் பல்லால கடிக்கிற சாமான்தான். வாயைத் திறவுங்கோ, ஒரு பை கொட்டுறன்.”

அவர் சிரித்துக்கொண்டு சைக்கிளை மிதித்தார். ஆனால் அன்று பின்னேரம் நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது, கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, தன் வலக்கையை மேசையில் விரித்துக் காட்டினார். விரல்கள் மெல்ல நடுங்கின. “பிள்ளை, இது வயசாலயோ, இல்லாட்டி அந்த ஈயக்குண்டாலயோ?”

“எனக்குத் தெரியாது அண்ணை. டொக்டரிட்டக் காட்டுங்கோ.”

“பிள்ளை படிச்ச பிள்ளை, சொல்லுங்கோவன்.”

“உண்மையா எனக்குத் தெரியாது.”

அவர் கையை எடுத்துச் சாரத்தில் துடைத்தார், அதில் ஏதோ ஒட்டியிருப்பதுபோல. அதன்பிறகு அவருடைய கடையில் ஆற்றங்கரைக் கீரை தொங்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஈயத்துக்குச் சிரித்தவர்கள் தங்கள் பிள்ளைகளின் நகத்தையும் பல்லையும் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

மண்ணைச் சுரண்டுவதால் முடியாது என்பது எனக்குத் தெரியும். சுண்ணாம்பு போட்டு மண்ணின் புளிப்பைக் குறைக்கலாம், கொஞ்சக் காலத்துக்கு அது ஒட்டிக்கொண்டிருக்கும் என்றேன். அதுவும் மேலிருந்து குவாரித் தண்ணீர் வருவது நிற்கும்வரை நிரந்தரமில்லை. ராஜினி அக்கா கேட்டுக்கொண்டே சுரண்டினார்.

“நாங்கள் ஒரு நிலத்தை முடிச்சா, முடிச்சதுதான் தங்கச்சி. பெரியவை வந்து பாத்து, கையெழுத்து வைச்சு, கட்டையைப் பிடுங்கிப்போடுவினம். பிறகு அதில பிள்ளையள் ஓடலாம். இதுக்கும் அப்பிடி ஒரு நாள் இருக்கும்தானே?”

மண்ணெடுக்கிற கரண்டியைக் கழுவிக்கொண்டு நின்றேன்.

இதற்குள் வீட்டில் வேறு கதை நடந்தது. பிரஷாந்தினியின் கணவன் செந்தூரன் நாயாற்றில் படகு வேலை. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று இரண்டு பக்கமும் எப்போதோ பேசி முடித்திருந்தார்கள். அதற்காகவே ராஜினி அக்கா ஒரு அறைக்குப் புதிதாக ஓடு போட்டு, சுவருக்கு வெள்ளை அடித்திருந்தார். இப்போது மகளை நாயாற்றுக்குத் திருப்பி அனுப்பிவிடலாமா என்று அவர் கேட்டபோது பிரஷாந்தினி முதன்முறையாகச் சிரிக்காமல் பேசினாள்.

“தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டில இடமில்லையோ எண்டு மாமி கேட்டா நான் என்ன சொல்ல? அம்மா, இப்ப கங்குங் சாப்பிடுறேல்ல. காணும்தானே? கிணத்துத் தண்ணிதானே குடிக்கிறன், ஆத்துத் தண்ணி இல்லையே.”

ராஜினி அக்கா என்னைப் பார்த்தார். இரத்த முடிவும் கிணற்று முடிவும் இன்னும் வரவில்லை. நான் நிலத்தைப் பார்த்தேன்.

ஐப்பசி மழை அந்தக் கிழமையே பிடித்தது. இரவு முழுவதும் துணுக்காயில் எங்கள் தகரத்தில் அது அடித்ததைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். காலை முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். ஆறு பெருகி, கரையைத் தொட்டுவிட்டு, மறுபடி கொஞ்சம் வற்றியிருந்தது. தண்ணீரின் நிறம் மழைத்தண்ணீரின் நிறம் அல்ல. துரு ஊறிய தகரப் பேணியைக் கழுவி ஊற்றினால் வருகிற செம்மஞ்சள். மேலே குவாரியில் மழைக்குக் கிடங்கு நிரம்பி, பம்ப்பை விடாமல் ஓடவிட்டிருக்கிறார்கள் என்று வீதியில் சொன்னார்கள்.

கரைக்கு இறங்கினேன். ராஜினி அக்கா முழங்காலில் நின்று நாட்கணக்காகச் சுரண்டிய நிரைகள் எல்லாவற்றின் மேலும், விரல் தடிப்பில், வழுவழுவென்று புது வண்டல் படிந்திருந்தது. நூல்கள் அதற்குள் புதைந்துபோயிருந்தன. மற்ற வருடங்களில் இந்த வண்டலைக் கண்டால் ஊரே சந்தோசப்படும். அதன்மேல் ஒரு கொக்கு நடந்துபோன கால்தடம் மட்டும் இருந்தது. வண்டல் கீரைப்பாத்தியோடு நிற்கவில்லை. மரவள்ளியின் முதல் நிரைவரை ஏறியிருந்தது.

ராஜினி அக்கா மரவள்ளிக்குள் நின்றார். கையில் நான் விட்டுப்போன கட்டைகள். பக்கத்தில் சுவருக்கு அடித்து மிஞ்சிய வெள்ளைப் பெயின்ற் பேணி. ஒவ்வொரு கட்டையிலும் சிவப்பின் ஒரு பக்கத்தை வெள்ளையால் பூசியிருந்தார். பெயின்ற் இன்னும் காயவில்லை. அவருடைய விரல்களெல்லாம் வெள்ளை.

“வாங்கோ தங்கச்சி. சிவப்பு ஆத்துப் பக்கம். அது தெரியும். வெள்ளையை எங்க பாத்துத் திருப்ப? எந்த இடத்தில அடிக்க?”

நான் வண்டலின் ஓரத்தைக் காட்டினேன். பிறகு மனம் மாறிக் கொஞ்சம் மேலே காட்டினேன். மரவள்ளி வேர் கீழே போகும், தண்ணீர் மேலே வரும். கிழங்கையும் நான் இன்னும் பரிசோதிக்கவில்லை.

“மரவள்ளிக்கு அங்கால அடியுங்கோ.”

அவர் மரவள்ளியைத் தாண்டி நடந்தார். நான் பின்னால் போனேன். கிணற்றடியில் நின்றார்.

“இதிலயோ?”

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். மழையால் தண்ணீர் மேலே வந்திருந்தது. தெளிவாகத்தான் இருந்தது. தெளிவாக இருப்பதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆறு இவ்வளவு கிட்டே, மண் இவ்வளவு மணற்பாங்கு, கட்மியம் இவ்வளவு லேசாக அசைகிறது. ஆனால் ஒரு போத்தல் தண்ணீரின் முடிவுகூட என் கையில் இல்லை.

“தெரியாது அக்கா,” என்றேன். “உண்மையா எனக்குத் தெரியாது. ஒண்டும் இல்லாமலும் இருக்கலாம்.”

“எங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது,” என்றார் ராஜினி அக்கா. “தெரியாத நிலம் சிவப்பு. தெரிஞ்ச பிறகுதான் வெள்ளை.”

கிணற்றையும் தாண்டி நடந்தார். வீட்டின் பின்கதவு. புதிய ஓடு போட்ட அறை. அந்த அறையின் ஜன்னலுக்குள் பிரஷாந்தினி தலை சீவிக்கொண்டிருந்தாள். தாய் கையில் கட்டையோடு வருவதைக் கண்டு சீப்பு அப்படியே நின்றது. அந்தக் குடும்பம் அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் சோறு காய்ச்சுகிறது. அந்தத் தண்ணீரைத்தான் அவள் குடிக்கிறாள்.

வீட்டையும் சுற்றிக்கொண்டு நாங்கள் முன்வாசலுக்கு வந்துவிட்டோம். அதற்கு அங்கால் வீதி. ராஜினி அக்கா வீதி ஓரத்தில் முதற் கட்டையை வைத்து, கல்லால் அடித்தார். சிவப்பு வீட்டைப் பார்த்தது. வெள்ளை வீதியைப் பார்த்தது. தார் வீதியில் வெள்ளை.

அவர் நிமிர்ந்தார். முகக்கவசம் போட்ட ஆள்போல முகம் வெறுமையாக இருந்தது.

“பிள்ளை,” என்று மகளைக் கூப்பிட்டார். “உடுப்பை எடு. கொப்பியை எடு, கிளினிக் கொப்பியை. முன்கதவால வா. பின்பக்கம் போகாதை.”

“எங்க அம்மா?”

அவர் வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தார். நாயாற்றுக்கு, மாமி வீட்டுக்கு என்றால், இந்த ஆறு போய் விழுவதே அந்த நாயாற்று வாவிக்குத்தான். அதைச் சொல்லவேண்டியது நான். சொன்னேன். செந்தூரன் பிடிக்கிற மீனைப் பற்றி நாங்கள் இரண்டுபேரும் ஒன்றும் கதைக்கவில்லை.

“எங்கட வீட்ட வாங்கோ அக்கா,” என்றேன். “துணுக்காய்க்கு. அம்மா இருக்கிறா. பிள்ளை பிறக்கும் மட்டும் ரெண்டுபேரும் இருங்கோ. நீங்கள் இருந்தா அதுவும் தாய்வீடுதானே. அங்க குவாரி இல்லை. இந்த ஆறும் இல்லை, குளம்தான்.”

பிரஷாந்தினி ஒரு சொப்பிங் பையோடு முன்கதவில் வந்து நின்றாள். வாசல் நிலைக்கும் கட்டைக்கும் நடுவில் கிடந்த முற்றத்தைப் பார்த்தாள். அவள் பிறந்ததில் இருந்து அறிந்த பயம் அது. எங்கே கால் வைப்பது என்று தாயைக் கேட்டாள், வாயால் இல்லை, கண்ணால். ராஜினி அக்கா திரும்பிப் போய், முன்னே தான் நடந்து, தன் கால்தடத்தில் அவளைக் கால் வைக்கச் சொல்லி வீதிக்குக் கூட்டிவந்தார். அது தேவையில்லை என்று எனக்குத் தெரியும். இந்தச் சாமானுக்கு அப்படி நடந்து பிரயோசனமில்லை. நான் சொல்லவில்லை.

பஸ் வந்தது. மகளை ஏற்றிவிட்டு, படியில் ஒரு காலை வைத்தபடி ராஜினி அக்கா என்னிடம் திரும்பினார்.

“துணுக்காய் மண்ணைப் பாத்தனீங்களோ, தங்கச்சி?”

“இல்லை அக்கா,” என்றேன். “அங்க ஒருத்தரும் பாக்கேல்ல.”

கொண்டக்டர் மணியடித்துக் கத்தினார். ராஜினி அக்கா இறங்கிப் போய், வீதியோரத்தில் மிஞ்சிக் கிடந்த கட்டைகளைப் பொறுக்கி, உரப்பையொன்றில் சுற்றி, கக்கத்தில் வைத்துக்கொண்டு ஏறினார்.